அறுந்த நரம்பு திரும்ப வளருமா? மூளைக் காயம், நரம்பு மீள்வளர்ச்சி, நரம்புச் சிதைவு நோய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பியல் ஆய்வில் இருப்பவர்களிடம் மூன்று தரப்பினர் கேள்வி கேட்கிறார்கள்: விபத்தில் தலையிலோ முதுகிலோ அடிபட்டவரின் வீட்டார், மறதி நோயோ பார்க்கின்சனோ வந்த பெற்றோரைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகள், உயிரியல் படிக்கும் மாணவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. சிகிச்சையை நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்னவெல்லாம் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

விபத்துக் காயத்தையும் அல்சைமரையும் ஒரே ஆய்வாளர் ஏன் ஆராய்கிறார்? இரண்டுக்கும் என்ன தொடர்பு?

இரண்டிலும் அடிபடுவது ஆக்சான். நரம்புச் செல்லான நியூரானின் உடலிலிருந்து கிளம்பி அடுத்த நியூரானுக்கோ தசைக்கோ செய்தி கொண்டுபோகும் நீண்ட இழை அது. அதன் நீளத்தை நினைத்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். பாதத்தின் சிறு தசைகளை அசைக்கும் நியூரானின் உடல் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அதன் ஆக்சான் ஏறத்தாழ ஒரு மீட்டர். முனையில் தேவைப்படும் புரதங்களில் பெரும்பாலானவை செல்லின் உடலில்தான் தயாராகி, அங்கிருந்து அனுப்பப்படுகின்றன. வேகமாகப் போகும் சரக்கு நாளைக்கு 40 செ.மீ. வரை நகரும். ஆக்சானைத் தாங்கி நிற்கும் சட்டகப் புரதங்களோ நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் போகும், சில சமயம் அதுவும் இல்லை. அந்தக் கணக்கில், இன்று தயாராகும் ஒரு புரதம் பாதத்தை எட்ட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும்.

இத்தனை நீளத்துக்கு ஒரு செல் தன்னைத் தானே பராமரித்துக்கொள்வது லேசான காரியமல்ல. தலையில் அடிபடும்போது ஆக்சான் இழுபட்டு நைந்துபோகிறது. கை வெட்டுப்பட்டால் அறுகிறது. அல்சைமர், பார்க்கின்சன், தசைகளை இயக்கும் நியூரான்கள் அழியும் ஏ.எல்.எஸ். போன்ற நோய்களில் நியூரான் சாவதற்கு வெகு முன்பே ஆக்சானும் அதன் முனையில் உள்ள இணைப்புகளும் சிதையத் தொடங்கிவிடுகின்றன. காரணங்கள் வேறு என்றாலும் ஆக்சான் அழியும் விதத்தில் பொதுவான படிகள் உண்டு என்பது கடந்த முப்பது ஆண்டுகளில் தெளிவாகியிருக்கிறது.

கையில் அறுந்த நரம்பு வளர்கிறது. தண்டுவடம் அறுந்தால் ஏன் வளர்வதில்லை?

கை கால்களில் ஓடும் நரம்பு வெட்டுப்பட்டால், வெட்டுக்கு அப்பால் உள்ள ஆக்சான் துண்டுகள் சில நாட்களில் சிதைந்துவிடும். ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. ஆக்சானைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை போடுவது அவற்றின் வழக்கமான வேலை. காயம் பட்டதும் அதை விட்டுவிட்டு வேறு வேலைக்கு மாறுகின்றன. பழைய மயலினைத் தின்று அகற்றுகின்றன, துப்புரவுக்கு வெள்ளையணுக்களை வரவழைக்கின்றன, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன, பழைய நரம்பின் குழாய்க்குள் வரிசையாக நின்று புது ஆக்சானுக்குப் பாதை போட்டுக் கொடுக்கின்றன.

வெட்டுக்கு இந்தப் பக்கம் உயிரோடிருக்கும் ஆக்சானின் நுனியில் ‘வளர்ச்சிக் கூம்பு’ உருவாகிறது. ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ காஹால் 1890இல் இதை விவரித்தார். அவர் சாயமேற்றிய, அசைவற்ற திசுவில்தான் அதைக் கண்டார். இன்று வளர்ப்புத் தட்டில் உயிரோடு பார்க்கலாம். நுனியிலிருந்து மெல்லிய நீட்சிகள் வெளியே வருகின்றன, தரையைத் தொட்டுப் பார்க்கின்றன. ஒத்துவராத இடத்தைத் தொட்டால் கூம்பு முழுவதும் சுருங்கி நின்று, பிறகு வேறு பக்கம் திரும்பி மறுபடி நீள்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

மூளையிலும் தண்டுவடத்திலும் நிலைமை வேறு. அங்கே மயலின் சுற்றுபவை ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல்கள். காயத்துக்குப் பிறகு அவை பாதை எதுவும் போட்டுத் தருவதில்லை. மயலின் சிதைவுகள் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றன. அந்த மயலினில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் வேறு இருக்கின்றன. காயத்தைச் சுற்றி உருவாகும் வடுவிலும் தடுக்கும் பொருட்கள் உண்டு. வடு முழுக்க முழுக்கக் கெடுதல் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தோம். வடுவை உருவாக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் ஆக்சான் வளர உதவவும் செய்கின்றன என்று 2016இல் வந்த எலி ஆய்வு ஒன்று காட்டிய பிறகு அப்படிச் சொல்ல முடியாமல் போனது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்ந்த மூளையின் நியூரான்கள் நீளமாக வளரும் திறனைப் பெருமளவு அடக்கி வைத்திருக்கின்றன.

அப்படியானால் மூளை நியூரானுக்கு வளரும் சக்தியே கிடையாதா?

உண்டு. இது நிரூபணமான கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். வளர்ந்த மூளையில் நரம்புப் பாதைகள் மாறாதவை, எல்லாம் சாகலாம், எதுவும் திரும்ப வளராது என்று 1913-14இல் வெளியான தன் பெருநூலில் காஹால் முடிவுகட்டினார். ஆனால் அதே இடத்தில், இந்தக் கடுமையான தீர்ப்பை மாற்றுவது எதிர்கால அறிவியலின் வேலை என்றும் எழுதினார். அவருடைய மாணவர் பிரான்சிஸ்கோ தெயோ அதற்கு முன்பே, 1911இல், முயலின் மூளைக்குள் கால் நரம்புத் துண்டைப் பதித்து, சில இழைகள் அதற்குள் நுழைவதைக் கண்டிருந்தார். அவை உண்மையில் மூளை நியூரானிலிருந்து வந்தவைதானா என்று அன்றைய சாயங்களால் உறுதிசெய்ய முடியவில்லை.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1981இல், மாண்ட்ரியாலில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ இருவரும் எலியின் மூளைத்தண்டையும் தண்டுவடத்தையும் ஒரு கால் நரம்புத் துண்டால் வெளிப்புறமாக இணைத்தார்கள். மூளைத்தண்டு, தண்டுவட நியூரான்களின் ஆக்சான்கள் அந்தத் துண்டுக்குள் சுமார் 3 செ.மீ. வளர்ந்தன. எந்த நியூரானிலிருந்து கிளம்பின என்பதை, ஆக்சான் வழியே பின்னோக்கிச் செல்லும் அடையாளப் பொருளைக் கொண்டு உறுதிசெய்தார்கள். மறுமுனையில் தண்டுவடத்துக்குள் மறுபடி நுழைந்ததும் ஓரிரு மில்லிமீட்டரில் நின்றுவிட்டன. நியூரானால் வளர முடியும், சூழல் விடுவதில்லை என்பது அன்று தெளிவானது.

சூழலில் தடுப்பது எது என்று தேடிய சூரிச் நகர மார்ட்டின் ஷ்வாப், மயலினில் உள்ள தடுப்புப் புரதத்தைக் குறிவைக்கும் எதிர்ப்பொருளை உருவாக்கினார். அதைக் கொடுத்த எலிகளின் தண்டுவடத்தில் ஆக்சான்கள் காயத்தைத் தாண்டி வளர்ந்ததை 1990இல் வெளியிட்டார். ‘நோகோ-ஏ’ என்ற அந்தப் புரதத்தின் மரபணு 2000இல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்னொரு திசையில், நியூரானுக்கு உள்ளேயே இருக்கும் தடையைத் தேடினார் பாஸ்டனின் ஜிகாங் ஹெ. பிடென் என்ற மரபணுவை நீக்கினால் எலியின் பார்வை நரம்பு திரும்ப வளர்கிறது என்று அவருடைய குழு 2008இல் காட்டியது. அதை அப்படியே மனிதருக்குக் கொண்டுவர முடியாது. புற்றுநோயைத் தடுக்கும் மரபணு அது.

நோகோ-ஏ எதிர்ப்பொருள் மனிதரிடமும் சோதிக்கப்பட்டுவிட்டது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் புதிதாகக் காயப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2024இன் இறுதியில் வந்தன. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது கையின் பலத்தில் தெளிவான முன்னேற்றம் இல்லை. தண்டுவடம் முழுமையாகச் சேதமாகாத சிலரிடம் பலன் இருக்கலாம் என்ற அறிகுறி மட்டும் தெரிந்தது. முப்பது ஆண்டு உழைப்புக்கு இது ஏமாற்றமான முடிவுதான். ஆனால் ஒரு தடையை மட்டும் நீக்கினால் போதாது என்று எலி ஆய்வுகளே ஏற்கெனவே சொல்லிவந்தன. இனி பல வழிகளைச் சேர்த்துத்தான் முயல வேண்டும் என்பது என் கருத்து.

கை நரம்பைத் தைத்திருக்கிறார்கள். எப்போது உணர்ச்சி வரும்?

ஆக்சான் நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. மணிக்கட்டில் வெட்டுப்பட்டால் விரல் நுனி வரை போகப் பல மாதங்கள் ஆகும். தோளருகே அறுந்தால் உள்ளங்கையை எட்ட ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகலாம். அங்கேதான் ஆபத்து. நரம்பு இல்லாத தசை முடிவில்லாமல் காத்திருக்காது. ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குள் ஆக்சான் வந்து சேராவிட்டால் தசை சுருங்கி, பிறகு நரம்பு வந்தாலும் பிடித்துக்கொள்ள முடியாமல் போகும். ஆகவே நரம்பு அறுபட்டதாகச் சந்தேகம் இருந்தால் ‘கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்’ என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

வளர்ச்சியைப் பின்தொடர எளிய சோதனை ஒன்று 1915லிருந்து இருக்கிறது. தைத்த இடத்திலிருந்து கீழ்நோக்கி நரம்பின் வழியே மருத்துவர் விரலால் தட்டிக்கொண்டே போவார். வளரும் நுனிகள் இருக்கும் இடத்தைத் தட்டும்போது, அந்த நரம்பு போய்ச்சேர வேண்டிய தோலில் சுருக்கென்று மின்சாரம் பாய்ந்த உணர்வு வரும். அடுத்த முறை அந்த இடம் சில சென்டிமீட்டர் கீழே நகர்ந்திருந்தால் நல்ல செய்தி.

உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்பதை ஹென்றி ஹெட் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் தன் உடம்பிலேயே பார்த்தார். 1903 ஏப்ரலில் தன் இடது கையின் தோல் நரம்பை வெட்டித் தைக்கச் சொன்னார். பிறகு வார இறுதிகளில் கேம்பிரிட்ஜ் போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்கார, நண்பர் ரிவர்ஸ் பஞ்சு, ஊசி, சூடான குழாய், குளிர்ந்த குழாய் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இது ஆண்டுக்கணக்கில் நடந்தது. முதலில் திரும்பியது மென்மையான தொடு உணர்வல்ல. எங்கே குத்துகிறது என்று சரியாகச் சொல்ல முடியாத, அளவுக்கு மீறிய வலிதான் முதலில் வந்தது. நரம்பு தைத்தவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். வளரும் நரம்பு எரியும், கூசும், சில்லென்றால் தாங்காது. அதைக் கண்டு பயந்து அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். பிசியோதெரபியை நிறுத்த வேண்டாம்.

தலையில் அடிபட்டது. சிடி ஸ்கேன் நார்மல் என்றார்கள். ஆனால் ஆள் பழையபடி இல்லையே?

நீங்கள் கவனித்தது உண்மையாகவே இருக்கும். அவசரத்தில் எடுக்கும் சிடி ஸ்கேன் ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, பெரிய வீக்கம் ஆகியவற்றைத் தேடுவதற்கானது. ஆக்சான்கள் நைந்திருப்பது அதில் தெரியாது. தலை வேகமாகச் சுழன்று நிற்கும்போது மூளையின் வெள்ளைப் பகுதியில் உள்ள ஆக்சான்கள் இழுபடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை அந்தக் கணத்தில் அறுவதில்லை. ஆக்சானுக்குள் கால்சியம் புகுந்து, உள்ளே ஓடும் தடங்கள் சிதைந்து, சரக்கு தேங்கி அங்கங்கே வீங்குகிறது. கோத்த மணிகள் போலத் தெரியும் அந்த வீக்கங்களில் அது பல மணி நேரம், சில நாட்கள் கழித்து அறுகிறது. மறதி, எரிச்சல், சீக்கிரம் களைத்துப்போவது, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, தூக்கம் கெடுவது எல்லாம் இந்தச் சேதத்தோடு தொடர்புடையவை. ‘சோம்பேறித்தனம்’ என்று அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். லேசான காயம்பட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். முழுவதும் தேறும் முன் மறுபடி தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது: இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் ஸ்கேன் நார்மல் என்று சொன்னதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடிபட்டபின் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் ரத்தக்கட்டால் கோமாவுக்குப் போவது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம்.

அடிபட்டவுடன் மூளையைக் காப்பாற்ற மருந்து உண்டா?

மூளைக் காயம் இரண்டு கட்டமாக நடக்கிறது. அடி விழும் கணத்தில் ஆகும் சேதத்தைத் திருப்ப முடியாது. பிறகு வீக்கம், ரத்த ஓட்டக் குறைவு, நியூரான்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் குளூட்டமேட் அளவுக்கு மீறிச் சுரப்பது ஆகியவற்றால் தொடரும் சேதத்தைத் தடுக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜனையும் ரத்த அழுத்தத்தையும் குறையவிடாமல் பார்த்துக்கொள்வதும், மண்டைக்குள் அழுத்தம் ஏறாமல் தடுப்பதும் இதற்காகத்தான். பெரும்பாலான உயிர்களைக் காப்பது இந்தக் கவனிப்பே.

மருந்துகளின் வரலாறு கசப்பானது. வீக்கத்தைக் குறைக்கும் என்று பல ஆண்டுகள் ஸ்டீராய்டு கொடுத்துவந்தார்கள். 10,000 பேரிடம் நடந்த ‘கிராஷ்’ சோதனையின் முடிவு 2004இல் வந்தபோது, ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் இரண்டு வாரத்துக்குள் 21 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். கொடுக்காதவர்களில் 18 சதவீதம். எல்லோரும் நல்லது என்று நம்பிய மருந்து உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது. ‘இவ்வளவு பெரிய சோதனை எதற்கு, பலன் தெரிகிறதே, கொடுத்துவிட வேண்டியதுதானே’ என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான். விலங்குகளிடம் அருமையாக வேலைசெய்த புரோஜெஸ்டிரோன் ஹார்மோனும் 2014இல் இரண்டு பெரிய சோதனைகளில் தோற்றது. ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் மட்டும், மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், லேசான, நடுத்தரக் காயங்களில் மரணத்தைக் குறைப்பதாக 2019இல் தெரிந்தது.

அறுந்த ஆக்சான் பட்டினியால் சாகிறதா?

நூறு ஆண்டுகளுக்கும் மேல் அப்படித்தான் நம்பினோம். 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டி, துண்டான பகுதி சிதைவதைப் பார்த்தார். செல்லின் உடலிலிருந்து வரவு நின்றால் அழிவது இயல்புதானே என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1989இல் ஆக்ஸ்ஃபோர்டில், வேறு எதையோ ஆராய்ந்தபோது, ஒரு விசித்திர எலி இனம் தென்பட்டது. வழக்கமாக இரண்டு நாட்களில் சிதையும் ஆக்சான் அந்த எலிகளில் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருந்தது. செல்லின் உடலே இல்லாமல்!

ஆக, ஆக்சான் சாவது வரவு நின்ற உடனே தானாக நடப்பதல்ல. அது தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. அந்த அழிவை நடத்துவது சார்ம்1 என்ற புரதம் என்று 2012இல் தெரிந்தது. செல்லின் உடலிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டிய இன்னொரு நொதி குறைந்ததும் சார்ம்1 விழித்துக்கொண்டு, செல்லின் ஆற்றலுக்கு அடிப்படையான என்.ஏ.டி. என்ற மூலக்கூறைத் தீர்த்துக்கட்டுகிறது. பிறகு கால்சியம் புகுந்து ஆக்சான் துண்டு துண்டாகிறது. சார்ம்1 இல்லாத எலிகள் தலைக் காயத்திலிருந்து நன்றாகத் தேறுகின்றன. புற்றுநோய் மருந்துகளால் வரும் நரம்புச் சேதமும் அவற்றுக்குக் குறைவு. ஏ.எல்.எஸ். நோயாளிகள் சிலரிடம் இந்தப் புரதம் அளவுக்கு மீறி வேலைசெய்யும் மாற்றங்கள் காணப்பட்டிருக்கின்றன. இதை முடக்கும் மருந்துகள் உருவாகிவருகின்றன. இந்தத் துறையில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இதுதான். இறந்த நியூரானை மீட்பதைவிட இறக்கப்போகும் ஆக்சானைத் தடுத்து நிறுத்துவது நடக்கக்கூடிய காரியம்.

தலையில் அடிபட்டவருக்குப் பின்னாளில் மறதி நோய் வருமா?

வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. காயம் எவ்வளவு கடுமையானது, எத்தனை முறை பட்டது என்பதைப் பொறுத்தது. குத்துச்சண்டை வீரர்கள் தள்ளாடிப் பேச்சுக் குழறுவதை ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே எழுதினார். மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டவர்களின் மூளையில், மடிப்புகளின் அடியில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றி டாவ் என்ற புரதம் படிந்திருக்கும். சி.டி.இ. எனப்படும் இந்த நோயை இறந்தபின் மூளையைப் பரிசோதித்துத்தான் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடிகிறது. உயிரோடிருப்பவருக்கு ஸ்கேனில் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும், கடுமையான காயத்தைக் குறைக்கும். உள்ளே மூளை சுழல்வதை முழுவதும் தடுக்காது. என்றாலும் கட்டாயம் போடுங்கள்.

அல்சைமருக்குப் புது மருந்து வந்துவிட்டதாமே?

லெகனெமாப் 2023இலும் டொனனெமாப் 2024இலும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை இவை அகற்றுகின்றன. நோய் ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே. லெகனெமாப் 18 மாதத்தில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அது அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசம். இழந்த நினைவு திரும்பாது. ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. வழி திறந்திருக்கிறது என்பதற்கு இது சான்று. நோய் முற்றிய அம்மாவுக்கு இது கிடைக்கவில்லையே என்று யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை.

மூளையில் புது நியூரான்கள் பிறக்குமா?

எலியில் பிறக்கின்றன. வளர்ந்த மனிதரில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் பிறக்கின்றன என்று 1998இல் ஓர் ஆய்வு சொன்னது. 2018இல் சில வார இடைவெளியில் வந்த இரண்டு ஆய்வுகளில் ஒன்று இல்லை என்றது, மற்றது ஆம் என்றது. விவாதம் ஓயவில்லை. பிறந்தாலும், காயத்தில் போன பகுதியை அவை நிரப்புவதில்லை.

ஆறு மாதத்துக்குப் பிறகு முன்னேற்றமே இருக்காது என்கிறார்களே?

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது சரி. அதன்பின் ஒன்றுமே நடக்காது என்பது தவறு. மூளையில் தப்பிய பாதைகள் புதுக் கிளைகள் விட்டு, இழந்த வேலையில் ஒரு பகுதியை ஏற்கின்றன. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்களின் நல்ல கையைக் கட்டிப்போட்டு, பாதித்த கையால் மட்டும் பயிற்சி செய்யவைத்த சோதனையின் முடிவுகள் 2006இல் வந்தன. அவர்களுக்குக் கை தெளிவாக மேம்பட்டிருந்தது. சுவிட்சர்லாந்தில் தண்டுவடத்தின் மேல் மின்முனைகள் பொருத்திய குழு, காயம்பட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்கள் தாங்கிப் பிடித்தபடி அடியெடுத்து வைப்பதை 2018இல் காட்டியது. பயிற்சி தொடர்ந்தபின், மின்தூண்டலை நிறுத்தியபோதும் சிலரால் கொஞ்சம் அசைக்க முடிந்தது.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். போகலாமா?

உண்மையான ஆய்வு நடக்கிறது. ஸ்டெம் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த, டோபமைன் சுரக்கும் செல்களைப் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் பதித்த இரண்டு சிறு சோதனைகளின் முடிவுகள் 2025இல் வெளியாயின. பெரிய ஆபத்து இல்லாமல் செல்கள் பிழைத்திருந்தன. இரண்டும் சேர்த்து இருபது பேர்கூட இல்லை. இந்தத் துறையில் நேர்மையாக முன்னேறுபவர்களின் வேகம் இவ்வளவுதான்.

கையில் ஊசி போட்டு ‘தண்டுவடம், பக்கவாதம், ஆட்டிசம், மறதி எல்லாம் சரியாகும்’ என்று சொல்பவர்கள் விற்பது வேறு. பக்கவாதத்துக்காகப் பல நாடுகளில் இப்படிப் போட்டுக்கொண்ட ஒருவரின் முதுகுத்தண்டுக்குள் கட்டி வளர்ந்ததை 2016இல் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. கட்டியின் செல்கள் அவருடைய உடலுடையவை அல்ல. செலுத்தியவையே வளர்ந்திருந்தன.

போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் முதலில் கேளுங்கள்: இது அரசுப் பதிவு பெற்ற மருத்துவச் சோதனையா, பதிவு எண் என்ன? என்ன வகைச் செல், எங்கே வளர்த்தது, உடம்புக்குள் எங்கே போய்ச்சேரும்? இதே காயத்துக்குப் போட்டுக்கொண்டவர்களின் முடிவு எங்கே வெளியாகியிருக்கிறது? கெடுதல் நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? முறையான சோதனையில் ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்கும் வழக்கமில்லை. இன்னொன்றையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். இப்படி ஒருமுறை செல் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பின்னால் வரும் முறையான சோதனைகள் பலவற்றில் சேர்த்துக்கொள்வதில்லை.